'எவ்வளவு?' என்று கேட்டவன்

என் வேலை கான்கிரீட்டை உடைப்பது. எங்கோ யாரோ தளம் போடுவார்கள், தூண் எழுப்புவார்கள். அந்தக் கலவையில் கொஞ்சம் எடுத்து அச்சில் சதுரக் கட்டியாகவோ (க்யூப்) நீளக் கட்டியாகவோ (பீம்) வார்த்து எங்கள் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். நான் அதை மெஷினில் வைத்து நசுக்கியோ வளைத்தோ, எத்தனை பாரத்தில் உடைந்தது என்று சொல்லி அனுப்புவேன். மகள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது 'என் தந்தையின் தொழில்' என்ற தலைப்பில், 'எங்கப்பா நல்லா இருக்கிறதை உடைப்பார், அதுக்குச் சம்பளம் தருவாங்க' என்று எழுதியிருந்தாள். டீச்சர் என்னை வரச்சொல்லிவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

உடைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் குனிந்து கட்டியைப் பார்ப்பேன். டயலக்கா நிமிர்ந்து மெஷின் டயலில் முள்ளைப் பார்ப்பார். அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. சம்பள நாளன்று மட்டும் அது எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இப்போது வந்திருக்கும் புது மெஷினில் முள்ளே கிடையாது, திரையில் ஒரு கோடுதான் ஓடுகிறது. ஆனாலும் அவர் டயலக்காதான். கட்டி உடைந்ததும் முள்ளோ கோடோ சடாரென்று கீழே விழும். அவர் "போயிடுச்சு" என்பார். நான் தலை நிமிராமலே "எவ்வளவு?" என்பேன். அவர் எண்ணைச் சொல்லியபடியே எழுதிக்கொள்வார். பல வருடங்களாக இது ஒரே மூச்சு. கேட்கிறேன் என்ற நினைப்பு இல்லாமல் கேட்பேன், சொல்கிறேன் என்ற நினைப்பு இல்லாமல் சொல்வார். ஒருமுறை நாங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒரு வாரத்தில்கூட (விசிறி யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது பிரச்சினை) இது மட்டும் தடையில்லாமல் நடந்தது.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், என் மனைவி இறந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அவள் ஒரு காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடந்துதான் போனாள். வழியில், பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்தீர்களா என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். வைக்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். சில நாள் கழித்து, தீவிர சிகிச்சை அறையின் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார். நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொசைக் தரை, ஒரு மூலையில் மயிரிழை விரிசல். டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "சாரி சார். போயிட்டாங்க" என்றார்.

நான் "எவ்வளவு?" என்றேன்.

டாக்டர் கொஞ்சம் தடுமாறினார். "அது... பில்லெல்லாம் கீழ கவுண்டர்ல சொல்லுவாங்க சார்."

பின்னால் மனைவியின் அக்கா நின்றிருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார். அழ ஆரம்பித்திருந்தவர் ஒரு கணம் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், முதல் க்யூபை நசுக்கினோம். டயலக்கா "போயிடுச்சு" என்றார். நான் "எவ்வளவு?" என்றேன். அப்போதுதான் புரிந்தது. கை துடைக்கிற துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

அண்ணியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? 'நான் பில்லைக் கேட்கவில்லை அண்ணி, உங்கள் தங்கை எத்தனை பாரத்தில் உடைந்தாள் என்றுதான் கேட்டேன்' என்றா? இதற்கு, பில்லைக் கேட்டதாக அவர் நினைப்பதே தேவலை என்று விட்டுவிட்டேன்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வராதது மட்டுமல்ல, வேறு எதுவும் வரவில்லை. காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு முழுசாகக் குடித்திருக்கிறேன். மகள் தன் கோப்பையை உறிஞ்சிவிட்டுத் துப்பியபோதுதான் தெரிந்தது. ஜோக் மட்டும் வந்துகொண்டே இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் வீட்டிலிருந்து சிரித்துக்கொண்டு வெளியே போனார்கள். தெருமுனைக்குப் போனதும் அவர்களுக்கே அது உறைத்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டீல் பைபர் வர ஆரம்பித்தது. ஒரு சரக்குக் கிடங்கின் தரைக்கு, கம்பி கட்டுவதற்குப் பதிலாக எஃகு இழைகளைக் கலவையிலேயே போட்டுவிடுகிறார்கள். விரல் நீளத்தில் பாதிதான் இருக்கும், ஸ்டேப்ளர் பின்னைக் கொஞ்சம் நீட்டிவிட்ட மாதிரி. இரண்டு முனையும் கொக்கியாக வளைந்திருக்கும். மூட்டையை ஒரேயடியாகக் கவிழ்த்தால் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக் குருவிக்கூடு மாதிரி உருண்டையாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். தூவியதும் கலவை விறைத்துக்கொள்ளும், அசையமாட்டேன் என்னும். உடனே யாராவது ஒரு புண்ணியவான் குழாயைத் திருப்பித் தண்ணீர் விடுவான். பலம் அதோடு போச்சு.

கிடங்கு கட்டுகிற இன்ஜினியருக்கு முதல் ரிப்போர்ட் போனதும் போன் செய்தார்.

"என்ன சார் இது, இவ்வளவு இரும்பைக் கொட்டியிருக்கோம், க்யூபை நசுக்கினா பழைய நம்பரே வருது?"

"நசுக்கினா அப்படித்தான் சார். வளைச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்."

"நான் எங்க சார் வளைக்க? நீங்கதான் வளைக்கணும்."

வளைத்தோம். முதல் பீமை நானே கெடுத்தேன். சாதா கான்கிரீட் பீமை வளைத்தால் விரிசல் விடுவதும் இரண்டாக விழுவதும் ஒரே சத்தத்தில் முடிந்துவிடும். பைபர் போட்டது அப்படி இல்லை. அடியில் ஒரு விரிசல் கண் திறக்கும், 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம், கோடு கொஞ்சம் இறங்கும். அங்கேதான் டெஸ்டே ஆரம்பம். டயலக்கா வழக்கம்போல "போயிடுச்சு" என்றார், நான் வழக்கம்போல மெஷினை நிறுத்தினேன். போகவே இல்லை. பீம் அப்படியே முழுசாக உட்கார்ந்திருந்தது. பாதியில் பாரத்தை எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து பார்க்க முடியாது. "இனிமே நான் வாயே திறக்கல தம்பி" என்றார் டயலக்கா. அதற்குப் பிறகு பைபர் பீம் ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் மெதுவாக வளைத்துக்கொண்டே போவோம். இழைகள் விரிசலின் இரண்டு கரையையும் பிடித்துக்கொண்டு, கொக்கி நிமிர்ந்து நிமிர்ந்து, உருவிக்கொண்டு வரும். அறுந்துவிட்டால் பிரயோஜனமில்லை, உருவிக்கொண்டுதான் வரவேண்டும். இருபது நிமிடம் போல ஆகும். மெஷினைவிட்டு நகரக்கூடாது.

இந்த இழைகள் எங்கும் வந்துவிடும். பேண்ட் மடிப்பில், காலுறையில், வீட்டுத் தரையில். ஒருநாள் சாப்பிடும்போது மகள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அப்பா, ரத்தம்."

உள்ளங்கையில் ஒரு பைபர் நேராக நின்றுகொண்டிருந்தது. எப்போது ஏறியது என்று தெரியவில்லை. பிடுங்கித் தட்டோரம் வைத்துவிட்டு, "பார்த்தியா, இப்ப என்னை வளைச்சாலும் உடைய மாட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போனாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் பசி விட்டு விட்டு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி மகளைத் தன்னோடு அழைத்துப் போவதாகச் சொல்ல ஆரம்பித்தது இந்தச் சமயத்தில்தான். அவருடைய பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் ஒரு அறை சும்மா இருக்கிறது, பள்ளிக்கும் பக்கம். முதல் முறை அவர் பேச்சை எடுத்தபோது, குழாய் ஒழுகுகிறது என்று எழுந்து போய் நன்றாக இருந்த வாஷரைக் கழற்றி மாட்டினேன். இரண்டாவது முறை பல்பை மாற்றினேன். மூன்றாவது முறை மாற்றுவதற்கு வீட்டில் எதுவும் இல்லாததால் குளிக்கப் போய்விட்டேன்.

மகள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. இதை நான் துக்கமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு மாதிரிதான் தோன்றியது.

குளித்து முடித்த மறுநாள், சகலை சோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார். அண்ணியின் கணவர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்களுடைய கண்ணாடி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்ப்பார். நான் அப்போதுதான் ஒரு பைபர் பீமை ஏற்றிப் பாரத்தைத் தொடங்கியிருந்தேன்.

"வேலையா இருக்கீங்களா சகலை?"

"ஆமா சகலை. இதை விட்டு நகர முடியாது."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் ஆகும்."

"நல்லதாப் போச்சு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீட்ல பேசினா நீங்க குளிக்கப் போயிடுவீங்க."

டயலக்கா திரையைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு காதை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இன்னிக்குச் சாயங்காலம் நாங்க வர்றோம்" என்றார் சகலை. "பாப்பாவைக் கூட்டிட்டுப் போக. பை ரெடி. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கூட்டிட்டுப் போறது தப்புன்னு வந்தேன்."

"சொல்லிட்டீங்களே. சரி."

"என்ன சரி?"

"ஒரு வார்த்தை சொல்லணும்னீங்க. நீங்க ஒரு பத்து வார்த்தை சொன்னீங்க. கூடுதலாத்தான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. 'டிக்' என்றது. பீமின் அடியில் விரிசல் விட்டது. டயலக்கா வாயை இறுக்க மூடிக்கொண்டார். கோடு கொஞ்சம் இறங்கி, நின்று, பிறகு கிடையாக நகர ஆரம்பித்தது. சகலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது உடைஞ்சிடுச்சா?"

"விரிசல் விட்டிருக்கு. உடையல."

"உள்ள நூல் நூலா தெரியுதே."

"அதான் பைபர். பிடிச்சுக்கிட்டு இருக்கு."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. கான்கிரீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தால் சிலருக்குத் தத்துவம் வந்துவிடும். நான் பயந்தபடியே ஆயிற்று.

"குடும்பமும் இப்படித்தான் இல்ல சகலை? உள்ள ஏதோ ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருந்தா..."

"இது கிடங்குத் தரை சகலை. மேல சரக்கு வண்டி ஓடும். குடும்பத்து மேல அதெல்லாம் ஓட்ட முடியாது."

டயலக்கா இருமினார். சகலை ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாருங்க, நீங்க இப்படிப் பேசறீங்க. எனக்குப் பழக்கம். வீட்ல அவளுக்கு அப்படி இல்ல. கூடப் பொறந்தவ போயிட்டான்னு டாக்டர் சொல்றார், நீங்க அடுத்த வார்த்தை பில் எவ்வளவுன்னு கேக்கறீங்க. அதை அவளால ஜீரணிக்க முடியல. இந்த மனுஷன்கிட்ட குழந்தையை எப்படி விடறதுன்னு அன்னிக்கே சொல்லிட்டா. நான்தான் இத்தனை நாள் ஒத்திப்போட்டேன். அப்புறம் பாப்பாவும்..." என்று நிறுத்திக்கொண்டார். "சரி விடுங்க. எதுக்காகக் கேட்டீங்கன்னு நானும் கேக்கல. பதட்டத்துல மனுஷனுக்கு எதுவும் வரும்."

"வரும்" என்றேன்.

விரிசல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை மாதிரி பாரத்தை விடாமல் தாங்கிக்கொண்டிருந்தது பீம். எனக்கு உள்ளே எதுவும் ஓடவில்லை. சாயங்காலம் மகளுடைய குடையை மறக்காமல் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அது எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குத்தான் தெரியும் என்று அடுத்து நினைத்தேன். அதோடு நினைப்பு நின்றுவிட்டது.

டெஸ்ட் முடிந்தது. அந்த பீமை இறக்கிவிட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இழை போடாமல் வார்த்த பீமை ஏற்றினோம். சகலை எழுந்திருக்கவில்லை, பேச்சை எங்கே முடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்துகொண்டேன். பாரம் ஏறியது. ஒன்றுமே நடக்காத மாதிரி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு 'டப்' என்று அறையே அதிர, பீம் இரண்டாக விழுந்தது.

"போயிடுச்சு" என்றார் டயலக்கா.

"எவ்வளவு?" என்றேன்.

அவர் எண்ணைச் சொன்னார், எழுதினார். நான் நிமிர்ந்தபோது சகலை எழுந்து நின்றிருந்தார். சத்தத்துக்குப் பயந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"யாரு?"

"ரெண்டு பேரும். இப்ப. என்ன சொன்னீங்க?"

"போயிடுச்சுன்னு சொன்னேன் சார்" என்றார் டயலக்கா. "எவ்வளவுன்னு தம்பி கேட்டாரு. உடைஞ்சா அதானே கேப்பாரு. எப்பவும் அதான்."

சகலை கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். கண்ணாடிக்கடைக்காரர் சட்டை நுனியால் துடைத்து நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் யாராவது அப்படிச் செய்தால் அரைமணி நேரம் பாடம் எடுப்பார்.

"இதுதானா?" என்றார். "அன்னிக்கு..."

நான் தலையை ஆட்டினேன்.

"ஏன்யா சொல்லல?" அவர் என்னை 'யா' போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை.

"எப்படிச் சொல்றது சகலை? நீங்களே சொல்லுங்க. எப்படி ஆரம்பிக்கறது?"

யோசித்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. அது பாதியில் வேறாக மாறியது. நான் வேறு பக்கம் பார்த்தேன். டயலக்கா விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

அவர் வெளியே போய், க்யூப்கள் ஊறும் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று போனில் பேசினார். வெகுநேரம் பேசினார். டயலக்காவுக்கு விஷயத்தை நான் இரண்டு வரியில் சொன்னேன். அவர் உடைந்த பீமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேணா இனிமே வேற வார்த்தை சொல்லட்டா தம்பி? முடிஞ்சுதுன்னு?"

"அது இன்னும் மோசம்க்கா."

"ஆமால்ல" என்றார். இருவரும் சேர்ந்து பீம் துண்டுகளை வண்டியில் தூக்கி வைத்தோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சகலை. கதவோரம் மகளின் பை, வாய் மூடாத அளவுக்குப் பிதுங்கிக்கொண்டிருந்தது. மகள் உள்ளறையில் இருந்தாள்.

"உக்காருங்க" என்றார் அண்ணி, என் வீட்டில் என்னிடம். உட்கார்ந்தேன்.

"அவர் எல்லாம் சொன்னாரு. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். இத்தனை நாளா உங்களை மனசுக்குள்ள என்னென்னவோ திட்டியிருக்கேன். அதெல்லாம் வாபஸ்."

"எல்லாமேவா அண்ணி?"

"முக்காவாசி."

கணக்கு டீச்சர் முக்கால் என்றால் சரியாக முக்கால்தான் இருக்கும். தேவலை என்று பட்டது.

"அப்ப அந்தப் பையைப் பிரிச்சுடலாமா?" என்றேன்.

அண்ணி சகலையைப் பார்த்தார். சகலை தரையைப் பார்த்தார்.

"பையை நான் கட்டல" என்றார் அண்ணி. "அவளே கட்டினா. போன மாசமே என்கிட்ட கேட்டா, பெரியம்மா நான் உங்க வீட்ல வந்து இருக்கட்டுமான்னு. நான் உங்க மேல இருந்த கோவத்துல உடனே சரின்னுட்டேன், ஏன் எதுக்குன்னு கேக்கல. இப்பக் கோவம் இல்ல. ஆனா அவ கேட்டது கேட்டதுதானே."

இத்தனை நாளும் அண்ணிதான் இழுக்கிறார் என்று நினைத்து, குழாயையும் பல்பையும் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் கேட்டா?"

"அவகிட்டயே கேளுங்க. உள்ளதான் இருக்கா." எழுந்தவனை மறுபடி கூப்பிட்டார். "ஜோக் அடிக்காம கேளுங்க."

மகள் கட்டில் விளிம்பில் ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே அவளுடைய படிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தேன். அது சின்ன நாற்காலி, முழங்கால் மோவாயை இடித்தது. இதை வைத்தே ஒன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கோவமாப்பா?" என்றாள்.

"இல்ல."

"உங்களைப் பிடிக்கலன்னு இல்ல."

"சரிம்மா."

"அங்க அழலாம். அதான்."

"இங்க அழக்கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல. நான் அழ ஆரம்பிச்சா நீங்க ஏதாவது சொல்லிடுவீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடும். அப்புறம் அழுகை எங்க போச்சுன்னே தெரியாது. வெளியவும் வராது, போகவும் போகாது. வயிறு வலிக்குது." ஷூவின் நாடாவைப் பிடித்து இழுத்தாள். "பெரியம்மா எதுவும் சொல்லமாட்டாங்க. அவங்களும் அழுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பிஸ்கட் சாப்பிடுவோம்."

"இங்கயும் பிஸ்கட் இருக்கு" என்று வந்துவிட்டது. அது ஜோக் அல்ல, தகவல்தான். ஆனாலும் அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அசைந்ததைப் பார்த்து அவளே முகத்தைச் சுளித்தாள். அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

"இல்ல. நான் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்தது எப்போது வரும் என்று. வந்தன. மூன்று ஜோக்குகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்று உண்மையிலேயே நன்றாக இருந்தது, இன்றைக்கும் நினைவிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் சகலை தொண்டையைச் செருமுவது கேட்டது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது. மகள் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். முகம் மெதுவாகக் கோணியது, நான் பார்க்கப் பார்க்கவே, எந்த அவசரமும் இல்லாமல். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது.

எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா என்று ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு வார்த்தை எதுவும் இல்லை. நானும் சேர்ந்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. எனக்கு எதுவும் வரவில்லை. அவள் தலையில் கையை வைத்திருந்தேன். கைக்குக் கீழே சூடாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

எத்தனை நேரம் என்று பார்க்கவில்லை. அவள் முகம் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்தபோது, அண்ணி விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். மூக்கு சிவந்திருந்தது.

"கிளம்பலாமா பாப்பா?" என்றார் சகலை.

"இன்னிக்கு வரல பெரியப்பா."

"அப்ப நாளைக்கா?"

"தெரியல."

"தெரியலன்னா தெரியலதான்" என்றார் அண்ணி. எழுந்து அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டார். சகலை குனிந்து பையைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார்.

"இருக்கட்டும் பெரியப்பா" என்றாள் மகள். அவர் அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

பை கதவோரமே நின்றது. நான் அதைத் தொடவில்லை. பெருக்கும்போதுகூடச் சுற்றிப் பெருக்கினேன். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அதிலிருந்து சீப்பை எடுத்தாள். சாயங்காலம் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். அடுத்தடுத்த நாட்களில் காலுறை, துண்டு, பென்சில் பெட்டி. எடுத்தது எதையும் திருப்பி வைக்கவில்லை. சில இரவுகளில் அவள் அறையில் அழும் சத்தம் கேட்கும். போய்ப் பக்கத்தில் உட்காருவேன், வாயைத் திறக்காமல். ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது பை காலியாகித் தரையில் தானாகவே மடங்கிச் சரிந்திருந்தது. எடுத்து உதறி, பரணில் போடலாமா என்று அவளைக் கேட்டேன்.

"போடுங்க" என்றாள்.